தோள் அறுவை சிகிச்சைக்குப் பின்: வலி தணிப்பில் அக்குபங்சரின் இடம்

மருத்துவ வசதியின் வளர்ச்சியைக் கணக்கிடும்போது மருத்துவமனைகள், படுக்கைகள், மருத்துவர்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையையே நாம் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நோயாளி அதன் பின் வரும் வாரங்களை எவ்வாறு கழிக்கிறார் என்பது இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆயினும் சில நோய்களில் சிகிச்சையின் பயன் பெரிதும் அந்த வாரங்களையே சார்ந்திருக்கிறது. தோள் மூட்டு அறுவை சிகிச்சை அத்தகையது. மருத்துவர் தைத்துக் கொடுத்த தசைநாண் நன்றாகவே கூடியிருந்தும், உரிய காலத்தில் உரிய பயிற்சி செய்யாமையால் கையைத் தலைக்கு மேல் உயர்த்த இயலாமற் போனவர்கள் உண்டு. பயிற்சி செய்யாமைக்கு அவர்கள் கூறும் முதற் காரணம் வலியே.

இவ்வலியைத் தணிக்கும் துணைமுறைகளுள் ஒன்றாக அக்குபங்சர் இன்று பேசப்படுகிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்முறை எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாதது, இதனை எவ்வாறு ஒழுங்குபடுத்திப் பயன்படுத்தலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லைப்புறத்தின் உழைப்பு

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று ஒட்டிய மாவட்டங்கள் அல்ல. ஆனால் இரண்டும் தமிழ்நாட்டுடன் நீண்ட எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன; இரண்டிலும் தமிழ் பேசும் உழைப்பாளர் பெருமளவில் வாழ்கின்றனர். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில் தமிழ் அன்றாட மொழியாக விளங்குகிறது. சித்தூர் வட்டாரத் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் செல்கிறது. மரம் ஏறுவோர்க்குத் தோளே முதன்மையான கருவி. தவறி விழுந்தால் பெரும்பாலும் அடிபடுவதும் தோளே.

இடுக்கி மாவட்டம் 1972ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் உருவாக்கப்பட்டது. அதன் தேவிகுளம், பீருமேடு வட்டங்களில் தேயிலையும், உடும்பன்சோலை வட்டத்தில் ஏலமும் முக்கியப் பயிர்கள். மூணாற்றுத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பல தலைமுறைகளுக்கு முன்னர்த் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினர். ஏலத் தோட்டங்களிலோ, தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வேலைக்குச் சென்று மாலையில் இறங்கும் பெண்கள் பலர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகள் இவர்களுடைய அன்றாடப் பாதைகள்.

கொழுந்து பறிப்பதும், கத்தரிக் கருவியைப் பல மணி நேரம் இரு கைகளாலும் தாங்கி இயக்குவதும், நிறைந்த மூட்டையைத் தூக்குவதும் தோளின் தசைநாண்களைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும் செயல்கள். வயது நாற்பதைக் கடந்த பின் இத்தேய்வு சிலரிடத்தில் கிழிசலாக முடிகிறது. கையை உயர்த்த முடியாத தொழிலாளிக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. எனவே தோளின் குணம் என்பது இங்கு ஒரு குடும்பத்தின் வருவாய் பற்றிய பிரச்சினையாகும்.

தோள் மூட்டின் அமைப்பு

மனித உடலின் மூட்டுகளில் மிகுதியான அசைவு உடையது தோள் மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் அமர்ந்திருக்கிறது. குழி ஆழமற்றது என்பதால்தான் கை எல்லாத் திசைகளிலும் சுழல்கிறது; அதே காரணத்தால் மூட்டு எளிதில் நிலைகுலையவும் கூடும். இதனை நிலைப்படுத்துவன, தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு மேற்கை எலும்பின் தலையை முன்னும் மேலும் பின்னுமாகச் சட்டைக் கை போலச் சூழ்ந்து பற்றும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் ஆகும். இவற்றுள் மேற்புறத்துத் தசைநாணே மிகுதியாகக் கிழிகிறது.

கிழிசல்கள் அனைத்திற்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. மருந்தும் பயிற்சியுமே பலருக்குப் போதுமானவை. அவை பயன் தராதபோதும், விழுந்து அடிபட்டுத் திடீரெனக் கிழிந்தபோதும் அறுவை செய்யப்படுகிறது. சிறு துளைகள் வழியாக நுண்குழாய்க் கருவியைச் செலுத்தி, கிழிந்த தசைநாணை எலும்பில் பதிக்கப்படும் சிறு முளைகளுடன் தைத்து இணைப்பது இன்று பரவலாக உள்ள முறை.

அறுவைக்குப் பின் வரும் வாரங்கள்

தைக்கப்பட்ட தசைநாண் எலும்புடன் உறுதியாகக் கூடுவதற்கு மாதங்கள் ஆகும். கிழிசலின் அளவிற்கும் நோயாளியின் வயதிற்கும் ஏற்பக் கால அளவு மாறுபடும். எனினும் பொதுவான நிலை பின்வருமாறு. முதல் 4 முதல் 6 வாரங்கள் கையைத் துணிக்கட்டில் தாங்கி வைத்தல் வேண்டும். இக்காலத்தில் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைக்கலாம். தோளை இயன்முறை மருத்துவரோ, நோயாளியின் மறு கையோ மெதுவாக நகர்த்தலாம். தோளின் சொந்தத் தசை வேலை செய்தல் கூடாது. ஏறத்தாழ ஆறாம் வாரத்திற்குப் பின் நோயாளி தாமே கையை உயர்த்தப் பழகுகிறார். பன்னிரண்டாம் வாரத்தையொட்டி வலுவூட்டும் பயிற்சிகள் தொடங்குகின்றன. பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப 4 முதல் 6 மாதங்களும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

இந்த அட்டவணையில் இரு வகையான தவறுகள் நேரக்கூடும். கூலி இழப்பிற்கு அஞ்சி விரைவில் பாரம் தூக்கினால் தையல் விட்டுப்போகும். வலிக்கு அஞ்சி அசைக்காமலே இருந்தால் மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்கித் தோள் இறுகிவிடும். நீரிழிவு உடையவர்களுக்கு இவ்விறுக்கம் மிகுதியாக நேர்கிறது. முதலாவது தவறிலிருந்து நோயாளியைக் காப்பது அறிவுரையும் வருவாய்ப் பாதுகாப்பும். இரண்டாவதிலிருந்து காப்பது வலி தணிப்பு.

தோள் அறுவைக்குப் பின் வரும் வலி கடுமையானது என்பதை மருத்துவ உலகம் அறியும். அறுவையின்போது கழுத்தடியில் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடப்படுவதால் முதற் சில மணி நேரம் வலி தெரிவதில்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அதன் ஆற்றல் நீங்குகிறது. அப்போது வலி ஒரேயடியாக எழுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் மிகக் கடினமானவை. அதன் பின்னரும் இரவில் படுத்தவுடன் வலி கூடுவதால், பலர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த நிலையிலேயே வாரக்கணக்கில் உறங்குகின்றனர். பாராசிட்டமால், அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள், தேவையானால் வலுவான வலிநிவாரணிகள் ஆகியவை இவ்வலிக்கு முதன்மையான மருந்துகள். ஆனால் அழற்சி மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் நேரலாம். வலுவான மருந்துகளோ மயக்கம், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவற்றைத் தரும். பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. மருந்தின் அளவைக் குறைக்க உதவும் எந்தத் துணைமுறையும் ஆராயத்தக்கதே. அக்குபங்சர் இவ்விடத்தில்தான் வருகிறது.

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த வழி

அக்குபங்சர் சீனத்தின் தொன்மையான மருத்துவ முறைகளுள் ஒன்று. உடலில் உயிராற்றல் குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது என்றும், அப்பாதைகளின் மீதுள்ள புள்ளிகளில் நுண்ணிய ஊசிகளைச் செருகி அதன் ஓட்டத்தைச் சீர்செய்யலாம் என்றும் அம்மரபு கருதியது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பெயர்த் தொகுதியில் 361 மரபுப் புள்ளிகள் இடம்பெறுகின்றன.

இந்தியாவில் இம்முறை வேரூன்றிய வரலாறு குறிப்பிடத்தக்கது. ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போராடிய சீன மக்களுக்கு உதவ, 1938ஆம் ஆண்டில் இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழுவை அனுப்பியது. அக்குழுவின் துவாரகநாத் கோட்னிஸ் 1942இல் சீனத்திலேயே உயிர் துறந்தார். அதே குழுவில் சென்று திரும்பிய விஜய்குமார் பாசு, 1958இல் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சரைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் அச்சிகிச்சையைத் தொடங்கினார். நவீன மருத்துவம் பயின்ற ஒருவர் வழியாகவே இந்த முறை நம் நாட்டில் நிலைபெற்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

மேலைநாடுகளின் கவனத்தை ஈர்த்த நிகழ்ச்சி 1971இல் நடந்தது. பீக்கிங்கிற்குச் சென்றிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அங்குக் குடல்வால் அறுவை செய்யப்பட்டது. அறுவை வழக்கமான மயக்க மருந்துகளைக் கொண்டே நிகழ்ந்தது. அதற்குப் பின் வந்த வயிற்று உபாதைக்கே ஊசிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இவ்வேறுபாடு பின்னர்ப் பலரால் மறக்கப்பட்டு, மயக்க மருந்தே இன்றி அறுவை நடந்ததாகக் கதை பரவியது. அக்குபங்சரின் உண்மையான பயன் அறுவைக்கு மாற்றாக நிற்பதில் அன்று, அறுவைக்குப் பின் துணை நிற்பதில் உள்ளது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்றாகும்.

ஊசி எவ்வாறு செயற்படுகிறது?

பயன்படுத்தப்படும் ஊசி மருந்து ஏற்றும் ஊசியைப் போன்றதன்று. அது துளையற்றது, துருப்பிடிக்காத எஃகால் ஆனது, மயிரிழையைப் போன்று மெல்லியது. பொதுவாக 20 முதல் 30 நிமிடங்கள் அது தோலில் நிற்கிறது. சரியான ஆழத்தை அடையும்போது நோயாளி கூர்மையான வலியை உணர்வதில்லை. ஒருவகைக் கனமும் மந்தமான விறுவிறுப்பும் உணர்கிறார்.

இதன் வலி தணிக்கும் ஆற்றலுக்கு உடலியல் கூறும் விளக்கங்கள் மூன்று. முதலாவது, 1965இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர்கள் வெளியிட்ட வாயிற் கோட்பாடு. வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உள்ளது; தொடுதல், அழுத்தம் முதலிய வேறு உணர்வுகள் அவ்வாயிலை ஓரளவு மூடக்கூடும் என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தை நாம் இயல்பாகவே தேய்த்துக்கொள்வதும் இதனாலேயே. இரண்டாவது, உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிப் பொருள்கள். அபினி போன்று செயற்படும் இவ்வகைப் பொருள் மூளையில் உள்ளதென்று 1975இல் கண்டறியப்பட்டது. அபினியின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் அக்குபங்சரின் வலி தணிக்கும் விளைவும் குறைவதாக 1977இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்றாவது, ஊசி நிற்கும் இடத்தில் அடினோசின் என்னும் பொருள் பெருகி அருகிலுள்ள நரம்புகளை அமைதிப்படுத்துகிறது என்று எலிகளைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வு.

இவற்றுள் எதுவும் உயிராற்றலின் பாதைகளை மெய்ப்பிப்பதன்று. ஆனால் ஊசியின் விளைவு வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் இவை இடந்தரவில்லை.

ஆய்வுகள் கூறுவன

அலுவலர்களும் மாணவர்களும் இப்பகுதியில் கவனமாக இருத்தல் வேண்டும். வலி என்பது நோயாளியே கூறி நாம் அறிவது. நம்பிக்கையும் அன்பான கவனிப்புமே அதைக் குறைக்க வல்லவை. எனவே உண்மையான ஊசியைப் பெற்றவர்களையும், தோலைத் துளைக்காத போலி ஊசியையோ புள்ளியல்லாத இடத்தில் ஊசியையோ பெற்றவர்களையும் ஒப்பிட்டே முடிவு கூற இயலும்.

1997இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு, அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கும், பல் அறுவைக்குப் பின் வரும் வலிக்கும் அக்குபங்சர் பயன் தருவதற்கு நல்ல சான்றுகள் உள்ளன என்று கூறியது. தோள் வலி குறித்த ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு, அவை சிறியவை, முறைகளில் வேறுபட்டவை என்பதால் உறுதியான முடிவு கூற இயலாது என்று 2005இல் தெரிவித்தது. 2008இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில், தோள் வலி உடைய 425 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் இயன்முறைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குக் கூடுதலாகக் காலிலுள்ள ஒரே ஒரு புள்ளியில் ஊசி இடப்பட்டது. அப்பிரிவினரின் தோள் கூடுதலாகத் தேறியது; அவர்கள் உட்கொண்ட வலி மாத்திரைகளும் குறைந்தன. 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வு, முதுகு, முழங்கால், தோள் முதலியவற்றின் நாட்பட்ட வலியில் உண்மை ஊசி போலி ஊசியைக் காட்டிலும் மேலானது என்று கண்டது. ஆனால் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறியதே.

இவை பெரும்பாலும் அறுவை செய்யப்படாத தோளைப் பற்றியவை. அறுவை செய்யப்பட்ட தோளைப் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு. நுண்குழாய் வழித் தோள் அறுவை செய்துகொண்ட சிலரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, போலி ஊசி பெற்றவர்களைவிட உண்மை ஊசி பெற்றவர்களுக்கு வலியும் மாத்திரைத் தேவையும் குறைந்து, கையின் அசைவு கூடியதாகக் கூறியது. முடிவு ஊக்கமளிப்பதே, ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது. கிழிந்த தசைநாணை ஊசி விரைவில் கூட்டுவிக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவே: அக்குபங்சர் சிலருக்கு வலியை மிதமான அளவில் குறைக்கலாம். அந்தக் குறைவு பயிற்சிக்குப் பயன்பட்டால் அது சிகிச்சை. பயிற்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது இழப்பு.

பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கைகளும்

மேற்கூறிய கருத்திலிருந்தே முறையும் பிறக்கிறது. ஊசிச் சிகிச்சையைப் பயிற்சி நேரத்திற்குச் சற்று முன்னர் அமைப்பது பொருத்தமானது. அறுவைத் தழும்பிற்கு அருகில், காயம் முழுமையாக ஆறும் வரை ஊசி இடலாகாது. மூட்டில் முளைகள் பதிக்கப்பட்டிருக்கும் நிலையில் அங்குக் கிருமித் தொற்று நேர்ந்தால் அது பெருங்கேடாக முடியும். எனவே தொடக்க வாரங்களில் முன்கை, மறுபக்கக் கை, கால் ஆகியவற்றிலுள்ள புள்ளிகளே ஏற்றவை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள ஹெகு என்னும் புள்ளியும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள தியாவோகோ என்னும் புள்ளியும் தோள் வலிக்கு மரபாகப் பயன்படுத்தப்படுபவை. முன்னதைக் கருவுற்ற பெண்களுக்குத் தவிர்ப்பது வழக்கம்.

தோளின் உச்சியில், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவேயுள்ள புள்ளியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலின் உறை துளைபட்டு மூச்சுத் திணறல் நேரலாம். உடற்கூறு அறியாதவர் கையில் ஊசி ஆபத்தானது என்பதற்கு இதுவே போதிய சான்று. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். ஊசி ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்கது; இல்லையேல் மஞ்சட்காமாலை வகைகளும் எய்ட்ஸ் கிருமியும் பரவ வழியாகும். பயன்படுத்திய ஊசிகளைத் துளைபடாத வெண்ணிறக் கலத்தில் இட்டு அகற்றுதல் 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி கட்டாயமாகும். பயிற்சி பெற்றவர் தூய ஊசியைக் கொண்டு செய்யும்போது கடுமையான தீங்குகள் அரிதே. 2001இல் பிரிட்டனில் வெளியான இரு ஆய்வுகள், ஒவ்வொன்றும் 30,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளைக் கண்காணித்து, இவ்வாறே கண்டன.

மேலும் மூன்று எச்சரிக்கைகள் தேவை. ஊசியே இன்றி விரலால் புள்ளியைத் தொட்டு அளிக்கப்படும் சிகிச்சை தமிழ்நாட்டில் பரவியுள்ளது. மேற்கூறிய ஆய்வுகள் ஊசியைப் பற்றியவை; அவற்றின் முடிவுகளைத் தொடு சிகிச்சைக்குப் பொருத்திக் கூற இயலாது. அடுத்து, கேரளத்தின் உழிச்சலும் தென் தமிழ்நாட்டின் வர்மமும் மக்கள் நன்கறிந்த முறைகள். ஆனால் தைத்த தசைநாண் கூடுமுன் தோளை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பதும், கையை இழுத்துவிடுவதும் தையலைப் பிரித்துவிடக் கூடும். அறுவை செய்த மருத்துவரின் இசைவின்றி அவற்றை மேற்கொள்ளலாகாது. இறுதியாக, இந்த ஊசியைத் தொடங்கியதும் எல்லா மருந்துகளையும் நிறுத்திவிட வேண்டும் என்று கூறுவோர் உளர். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை அவ்வாறு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல், தழும்பில் சிவப்பு அல்லது சீழ், திடீரெனக் கை வலுவிழத்தல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் ஊசி நிலையத்தை நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

சட்ட நிலை

மேற்கு வங்கம் 1996இல் அக்குபங்சர் சிகிச்சைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரம் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அதனைப் பின்பற்றியது. மத்திய அரசு 2003இல், பதிவு பெற்ற மருத்துவர்களும் தக்க பயிற்சி பெற்றவர்களும் இதனை ஒரு சிகிச்சை முறையாகக் கையாளலாம் என்று அறிவித்தது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் ஆணை இதனைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றது. ஒரு முறை ஏற்கப்பட்டது என்பதால் அதனைச் செய்வோர் அனைவரும் தகுதி பெற்றவராகிவிட மாட்டார். சில நாட்களில் முடியும் பயிற்சிக்கும் ஆண்டுக்கணக்கான பயிற்சிக்கும் சான்றிதழின் தோற்றம் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். நோயாளி சான்றிதழைப் பார்த்தால் மட்டும் போதாது. அதன் பின்னுள்ள பயிற்சியைக் கேட்டறிய வேண்டும்.

எல்லையைக் கடக்கும் நோயாளி, கடக்காத குறிப்பேடு

இப்பகுதியின் தனித்தன்மை இனித்தான் தெளிவாகிறது. இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. மூணாற்றிலிருந்து கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்வதைக் காட்டிலும், போடிமெட்டு வழியாகத் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு இறங்குவது அண்மையானது. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவே. எனவே தேனி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களை இவர்கள் நாடுவது இயல்பு. அறுவை ஒரு மாநிலத்தில் நடக்கிறது. அதன் பின்னுள்ள மாதங்கள் மற்றொரு மாநிலத்தில் கழிகின்றன.

2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் மாநில எல்லை கடந்தும் சிகிச்சை பெற வழி செய்தது. ஆனால் மருத்துவமனையை விட்டு நீங்கிய பின் அதன் உதவி 15 நாட்கள் வரையே நீள்கிறது. தோளைத் தாங்கும் கட்டை அவிழ்ப்பதற்கோ ஆறு வாரங்கள் ஆகும். பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி இவ்வுதவிக்கு அப்பால் விழுகிறது. அவ்விடைவெளியில் இயன்முறை மருத்துவரைக் காண மலையிறங்கிச் சென்றுவரப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் செலவாகின்றன. அருகிலுள்ள எவரேனும் வலியைக் குறைப்பதாகக் கூறினால் நோயாளி அவரிடம் செல்வதில் வியப்பில்லை. அவர் தகுதியுடைய அக்குபங்சர் மருத்துவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இவ்விடைவெளியை நிரப்பப் புதிய கட்டிடங்கள் தேவையில்லை. வலி தணிப்பை மக்கள் இயக்கமாக்கிய பெருமை கேரளத்திற்கு உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், 2008இல் மாநில அரசின் கொள்கையாகி, உள்ளாட்சி அமைப்புகளின் வழியே செவிலியர்களை வீடு தேடி அனுப்பியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதை உள்ளடக்கியிருந்தது. எல்லையின் இருபுறமும் வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு உருவானது. அவற்றை இணைக்கும் குறிப்பேடு மட்டும் உருவாகவில்லை.

செய்யத்தக்கன

முதலாவதாக, தோள் அறுவை செய்யும் மருத்துவமனை ஒவ்வொன்றும் நோயாளியிடம் ஒரு பயிற்சி அட்டையைத் தருதல் வேண்டும். எந்த வாரத்தில் எந்த அசைவு, எது கூடாது, எந்த அறிகுறி தோன்றினால் திரும்பி வர வேண்டும் என்பன அதில் படங்களுடன் இடம்பெற வேண்டும். அவ்வட்டை மலையாளத்திலும் தமிழிலும் இருத்தல் இன்றியமையாதது. கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே இடமளித்துள்ளது. அந்த நெறியை மருந்துச் சீட்டுக்கும் நீட்டுவது பெரிய செயலன்று.

இரண்டாவதாக, எல்லையோர மாவட்டங்களின் சுகாதார அலுவலர்கள் இவ்வட்டையை இருபுறமும் ஏற்க வேண்டும். தேனியில் அறுவை செய்துகொண்டவருக்கு மூணாற்றிலும், கோயம்புத்தூரில் அறுவை செய்துகொண்டவருக்குக் கொழிஞ்சாம்பாறையிலும் பயிற்சி தொடர வழி பிறக்கும்.

மூன்றாவதாக, அக்குபங்சரைத் துணைமுறையாக அளிக்க விரும்பும் மருத்துவமனைகள் அதனை இயன்முறைப் பிரிவிலேயே, ஒரே கூரையின் கீழ் வைத்தல் நலம். அறுவை மருத்துவரின் இசைவு, ஊசியிட்ட புள்ளிகள், வலியின் அளவு, உட்கொண்ட மாத்திரைகள், கை உயர்ந்த அளவு ஆகியவற்றை அட்டையில் குறித்துவந்தால், சிகிச்சை பயன் தருகிறதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். பயன் தராவிடில் நிறுத்திவிடலாம். இக்குறிப்புகளே பின்னர் நம் நாட்டிற்குரிய ஆய்வுக்கும் அடிப்படையாகும்.

நான்காவதாக, தோட்ட மருத்துவமனைகளின் பங்கு. தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிக்கும் பொறுப்பை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே நிர்வாகத்தின் மீது சுமத்தியது. அறுவை செய்துகொண்ட தொழிலாளிக்குச் சில மாதங்கள் பாரமற்ற வேலை தருவதும், பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவதும் அப்பொறுப்பின் இயல்பான தொடர்ச்சி எனலாம். நாட்கூலியில் எல்லை கடந்து வரும் ஏலத் தோட்டப் பெண்களுக்கு இப்பாதுகாப்பு எட்டுவதே இன்னும் கடினம். திட்டமிடுவோர் முதலில் எண்ண வேண்டியவர்கள் அவர்களே.

முடிவுரை

வலியைத் தணிப்பது மருத்துவத்தின் முதற் கடமைகளுள் ஒன்று. ஆயினும் தோள் அறுவையைப் பொறுத்தவரை வலி தணிந்த பின் என்ன செய்கிறோம் என்பதே கையின் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. அக்குபங்சர் தூய ஊசியுடனும், பயின்ற கையுடனும், அறுவை மருத்துவரின் இசைவுடனும் வருமானால், பயிற்சி செய்யும் அரைமணி நேரத்தை நோயாளிக்குத் தாங்கத்தக்கதாக ஆக்கலாம். அந்த அரைமணி நேரத்திற்கு ஒரு பயிற்சியாளரும், ஓர் அட்டையும், வேலை இழக்கமாட்டோம் என்னும் உறுதியும் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. இவை ஒன்றுசேரும்போதுதான், மலையிறங்கிச் சென்று அறுவை செய்துகொண்ட பெண் மீண்டும் கொழுந்துக்குக் கை நீட்ட இயலும்.